முதலில் பார்ப்பதா, முதலில் படிப்பதா: அண்மையில் ரசித்த தொடர்களும் நாவல்களும்

2 நவம்பர் 2025

நாவலைப் படித்து முடித்த பிறகுதான் அதிலிருந்து எடுத்த தொடரைப் பார்க்க வேண்டும் என்று நம்மில் பலர் விரதம் காக்கிறோம். எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. முதலில் தொடரைப் பாருங்கள், பிறகு நாவலை எடுங்கள் என்பதுதான் என் கட்சி. நாவலைக் கரைத்துக் குடித்தவர் தொடரைப் பார்க்க உட்கார்ந்தால் தணிக்கை அதிகாரி ஆகிவிடுகிறார். அந்தக் கிழவி எங்கே போனாள், இந்தக் கடிதம் ஏன் வரவில்லை, இவனுக்கு இந்த மூக்கு பொருந்தவில்லையே என்று குறிப்பெடுப்பதிலேயே பொழுது போய்விடுகிறது. தொடரைப் பார்த்துவிட்டு நாவலுக்குப் போகிறவருக்கோ கிடைப்பதெல்லாம் வரவு. மறுப்பவர்கள் தலைப்புகளோடு வாருங்கள். பொதுவாகப் பேசிப் பயனில்லை.

இதைக் கிளப்பியது 'ஸ்லோ ஹார்சஸ்'. ஐந்தாம் சீசன் போன வாரம் முடிந்தது. மிக் ஹெரான் எழுதிய ஒற்றர் நாவல்கள். ஒரு சீசனுக்கு ஒரு நாவல், ஆறு எபிசோடு. பிரிட்டிஷ் உளவுத்துறையில் காரியத்தைக் கெடுத்தவர்களை வேலையைவிட்டு நீக்குவதில்லை. லண்டன் பார்பிகன் பக்கத்தில் பாழடைந்த கட்டடம் ஒன்றில் உட்காரவைத்து, ஒன்றுக்கும் உதவாத கோப்புகளைப் புரட்டச்சொல்லி, அவர்களே சலித்துப்போய் ராஜினாமா எழுதிக்கொடுக்கும்வரை காத்திருக்கிறார்கள். நம் ஊரில் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவது என்கிறோமே, அதைத் தலைநகரத்தின் நடுவிலேயே செய்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்குத் தலைவர் ஜாக்சன் லேம்ப். கேரி ஓல்ட்மேன் நடிக்கிறார். ஓட்டைக் காலுறை, சீவாத தலை, கூசாமல் வாயுவை வெளியேற்றும் பழக்கம். இத்தனைக்கும் உள்ளே ஒரு கூர்மையான மூளை.

தொடரைப் பார்த்துவிட்டு நாவலுக்குப் போனால் அங்கே இருப்பது லேம்பைவிடப் பெரிய பாத்திரம்: கதைசொல்லி. கட்டடத்துக்குள் மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு அறையிலும் யார் எப்படி மக்கிப்போகிறார்கள் என்று காட்டும் ஒரு குரல். 'டெட் லயன்ஸ்' நாவலில் ஒரு பூனை உள்ளே வந்தால் என்ன பார்க்கும் என்று கற்பனை செய்து நம்மை அழைத்துப்போகிறார். இதைக் கேமராவால் செய்ய முடியவில்லை, தொடரும் முயலவில்லை. கதை முன்பே தெரிந்ததால்தான் அந்தக் குரலை நின்று கேட்க எனக்குப் பொறுமை இருந்தது. இல்லாவிட்டால் குண்டு எங்கே வெடிக்கப்போகிறது என்று பக்கங்களைத் தள்ளியிருப்பேன்.

3 நவம்பர்

வரிசை கேட்டவருக்கு: வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். 'ஸ்லோ ஹார்சஸ்', 'டெட் லயன்ஸ்', 'ரியல் டைகர்ஸ்', 'ஸ்பூக் ஸ்ட்ரீட்', 'லண்டன் ரூல்ஸ்'. நடுவில் நுழையலாமா என்றால், கூடாது. இவர் முக்கியமானவர்களையே கூசாமல் கொன்றுவிடுவார். நான்காவதிலிருந்து ஆரம்பித்தால் யாருக்காக அழுகிறார்கள் என்றே விளங்காது.

முதல் நாவல் 2010-இல் வந்தபோது பெரிதாக விற்கவில்லை. இரண்டாவதை வெளியிட அந்தப் பதிப்பகம் முன்வரவில்லை. அந்த இரண்டாவது நாவல்தான் 2013-இல் குற்றப்புனைவுக்கான கோல்டு டாகர் பரிசை வாங்கியது. ஓரங்கட்டப்பட்டவர்களைப் பற்றி எழுதியவருக்கு இதைவிடப் பொருத்தமான ஆரம்பம் அமையாது.

6 நவம்பர்

இப்போது 'பச்சிங்கோ': ஜப்பானில் பிழைக்கப்போன ஒரு கொரியக் குடும்பத்தின் கதை. என் கட்சிக்கு முதல் சாட்சி.

என் மாமியாருக்கு ஆங்கிலம் வராது. கொரிய மொழியும் ஜப்பானியமும் எனக்கே வராது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தபடியே பார்த்தார். திருமணமாகி ஊரைவிட்டுப் போகப்போகும் மகளுக்கு ஒரு வேளையாவது வெள்ளைச் சோறு போட வேண்டும் என்று தாய் அரிசிக் கடைக்காரரிடம் மன்றாடும் காட்சி வந்தது. கொரியாவில் விளைந்த நல்ல அரிசி ஜப்பானியர் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். நான் சப்டைட்டிலைப் படித்துச் சொல்ல வாயெடுத்தேன். "சும்மா இரு, புரிகிறது" என்றார் அத்தை. அதே அரிசி பிறகு இன்னொரு இடத்தில் வருகிறது. பல பத்தாண்டுகள் ஜப்பானில் வாழ்ந்து கிழவியான அந்த மகள் சுன்ஜா, யாரோ ஒருவர் வீட்டில் ஒரு வாய் சோறு தின்றதும் இது நம் மண்ணில் விளைந்தது என்று கண்டுகொள்கிறாள். கிழவியாக நடிப்பவர் யூன் யோ-ஜோங், 'மினாரி' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். ஒரு கவளத்தை மென்றுகொண்டே எழுபது வருடத்தையும் முகத்தில் கொண்டுவந்துவிடுகிறார்.

கொரிய வசனத்துக்கு மஞ்சள் எழுத்து, ஜப்பானிய வசனத்துக்கு நீல எழுத்து. சின்ன ஏற்பாடுதான். ஆனால் ஒரே வாக்கியத்தில் நிறம் மாறும்போது, பேசுகிறவர் எந்த மொழிக்குள் ஒளிந்துகொள்கிறார் என்று தெரிந்துவிடுகிறது.

மின் ஜின் லீயின் நாவல் 2017-இல் வந்தது. 1910-இல் தொடங்கி 1989 வரை நேர்கோட்டில் போகிறது: பாட்டி, மகள், பேரன்கள், கொள்ளுப்பேரன். சூ ஹியூ உருவாக்கிய தொடர் இந்த வரிசையைக் கலைத்துவிட்டது. 1930-களும் 1989-உம் மாறி மாறி வருகின்றன. நாவலை முதலில் படித்தவர்கள் இதைத்தான் திட்டுகிறார்கள். நான் தொடரை முதலில் பார்த்ததால் எனக்கு நேர்ந்தது வேறு. நாவலில் இளம் சுன்ஜா ஒசாகா சந்தையில் கிம்ச்சி விற்கக் கூசிக் கூசி முதல் குரல் கொடுக்கும்போது, கிழவி சுன்ஜாவின் முகம் எனக்கு முன்பே தெரியும். இவள் பிழைத்துவிடுவாள் என்று தெரிந்தே அவளுக்காகப் பதறுவது ஒரு தனி அனுபவம்.

இந்த நாவலுக்கான விதை 1989-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் கேட்ட ஒரு உரையில் விழுந்தது. ஜப்பானில் கொரியப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பள்ளிச் சிறுவன், சக மாணவர்களின் ஏச்சு தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டதை அங்கே சொன்னார்கள். பிறகு டோக்கியோவில் குடியிருந்தபோது பல கொரிய ஜப்பானியரைச் சந்தித்துப் பேசிவிட்டு, எழுதியதையெல்லாம் ஒதுக்கிவைத்து மறுபடி எழுதினார். தொடரின் முதல் சீசன் முடியும்போது, அந்தக் காலத்தில் ஜப்பானுக்குப் போன உண்மையான பாட்டிகள் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். பெயர் ஓட்டம் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள்.

7 நவம்பர்

1923 நிலநடுக்கக் காட்சியை நாவலில் தேடி அலைந்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். தேட வேண்டாம், அங்கே இல்லை. சுன்ஜாவை ஏமாற்றிய பணக்காரன் ஹான்சுவின் இளமைக் காலம் முழுவதும் தொடருக்காகப் புதிதாக எழுதியது. காண்டோ நிலநடுக்கமும் அதன் பின் வதந்தியை நம்பிக் கொரியர்களைக் கொன்றதும் வரலாற்றில் உள்ளவை; ஹான்சுவை அதற்குள் கொண்டுபோய் நிறுத்தியது தொடரின் வேலை. எனக்கு அந்த எபிசோடு பிடித்தது. வில்லன் எப்படி வில்லனானான் என்று விளக்கும் காட்சிகள் வழக்கமாக எனக்கு அலுப்பு. இதில் விளக்கம் குறைவு, புழுதி அதிகம்.

சுன்ஜாவின் மூத்த மகன் நோவாவுக்கு என்ன ஆகிறது என்று நேற்று இங்கே போட்டு உடைத்த புண்ணியவான் யாராக இருந்தாலும் அவர் வீட்டு இணையம் கடைசி எபிசோடில் அறுந்துபோகட்டும்.

12 நவம்பர்

"தொடரை முதலில் பார் என்கிறீர்களே, 'வுல்ஃப் ஹால்' பற்றி என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டவர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். ஐந்து நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லைப் பற்றி ஹில்லரி மேன்டல் எழுதிய மூன்று நாவல்கள். பி.பி.சி. தொடரின் முதல் பகுதி 2015-இல் வந்தது: ஆறு எபிசோடுக்குள் இரண்டு நாவல்கள். மூன்றாவது நாவலான 'தி மிரர் அண்ட் தி லைட்' தனியாக ஆறு எபிசோடாக 2024 நவம்பரில் வந்தது. இடையில் ஒன்பது ஆண்டுகள். அதற்குள் 2022-இல் ஹில்லரி மேன்டல் இறந்துவிட்டார். நார்ஃபோக் பிரபுவாக நடித்த பெர்னார்டு ஹில் 2024 மே மாதம் காலமானார். இரண்டாம் பகுதியில் அந்த வேடத்துக்கு டிமோத்தி ஸ்பால் வந்தார். தாமஸ் கிராம்வெல்லாக மார்க் ரைலன்ஸ் மட்டும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர்போல விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். இரவுக் காட்சிகளை மெழுகுவத்தி வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார்கள். நடு அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் பாதிக்கு மேல் இருட்டுதான் தெரியும்.

இவ்வளவு நல்ல தொடர்தான். ஆனால் நாவலைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே பட்னியில் ஒரு கொல்லன் தன் மகனை உதைத்துக்கொண்டிருக்கிறான். கல் தரையில் கிடக்கும் சிறுவனின் கண் மட்டத்திலிருந்து நாம் எல்லாவற்றையும் பார்க்கிறோம். காலம் 1500. தொடரோ 1529-இல், கிராம்வெல்லின் எஜமானர் கார்டினல் வூல்சி பதவியிழக்கும் இடத்தில் தொடங்குகிறது. அந்த உதை வாங்கிய சிறுவனை நமக்குத் தெரியாமலேயே கிராம்வெல்லைச் சந்திக்கிறோம். மேன்டலின் நாவல் முழுவதும் நிகழ்காலத்தில், ஒரு மனிதனின் மண்டைக்குள்ளிருந்தே நடக்கிறது. அவனுக்கு எந்த நேரம் எது நினைவுக்கு வருகிறது என்பதுதான் கதை. எட்டாம் ஹென்றி யாரை மணந்தான், யார் தலை போனது என்பதெல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. தொடரை முதலில் பார்த்தால் ரைலன்ஸின் அமைதியான முகம் அந்த மண்டையின் மேல் மூடிபோல உட்கார்ந்துவிடுகிறது. நாவலின் கிராம்வெல் தடித்தவன், அவசரக்காரன், உள்ளுக்குள் சிரிப்பவன். அவனைக் கண்டுபிடிக்க எனக்கு நூறு பக்கம் பிடித்தது.

ஆகவே இதை மட்டும் படித்துவிட்டுப் பாருங்கள்.

வூல்சியாக நடிப்பவர் ஜொனதன் பிரைஸ். 'ஸ்லோ ஹார்சஸ்' தொடரில் லேம்பிடம் மாட்டிக்கொண்ட இளம் ஒற்றன் ரிவர் கார்ட்ரைட்டின் தாத்தாவும் அவரே. இரண்டு இடத்திலும் அதிகாரத்தின் உச்சியிலிருந்து இறங்கிய கிழவர். இரண்டு தொடரையும் ஒரே மாதத்தில் பார்த்ததால், தாத்தா வாயைத் திறந்தபோதெல்லாம் சிவப்பு அங்கி எங்கே என்று தேடினேன்.

13 நவம்பர்

"அப்படியானால் உங்கள் கட்சி கலைந்துவிட்டதா?" கலையவில்லை, ஒரு தொகுதியில் டெபாசிட் போயிருக்கிறது.

19 நவம்பர்

மழை. இரண்டு நாளாக மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்ததில் இத்தாலியச் சரக்கு இரண்டைத் துண்டு துண்டாக முடித்தேன்.

'ரிப்ளி' 2024-இல் வந்தது, எட்டு எபிசோடு, முழுக்கக் கறுப்பு வெள்ளை. பட்ரீஷியா ஹைஸ்மித் 1955-இல் எழுதிய நாவல். ஒரு பணக்காரப் பிள்ளையைக் கொன்றுவிட்டு அவனாகவே வாழத் தொடங்கும் ஒரு சில்லறை ஏமாற்றுக்காரன். ஸ்டீவன் ஜெய்லியன் எழுதி இயக்கியிருக்கிறார், ரிப்ளியாக ஆண்ட்ரூ ஸ்காட். 1999 திரைப்படத்தில் பார்த்த வெயிலும் கடலும் உல்லாசமும் இதில் மருந்துக்கும் இல்லை. படிக்கட்டுகள்தான் இருக்கின்றன. அட்ரானியில் படி, ரோமில் படி, வெனிஸில் படி. லிஃப்ட் இருந்தால் அது வேலை செய்யவில்லை. கொலை செய்வதைவிடக் கொன்ற உடலை அப்புறப்படுத்துவது எவ்வளவு முதுகொடிக்கும் வேலை என்பதை இத்தனை பொறுமையாக யாரும் காட்டியதில்லை. படகுக் காட்சியில் பேச்சே கிடையாது. நங்கூரம், கயிறு, மூச்சிரைப்பு, தண்ணீர். "போலீஸ் வருவதற்குள் துடைத்துவிடேன்" என்று கொலைகாரனுக்காக நான் பதறிக்கொண்டிருந்ததை என் கணவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

நாவலில் டாம் இருபது சொச்சம் வயதுப் பையன். அவன் ஆசைக்கு இளமை ஒரு சாக்கு. ஸ்காட்டின் ரிப்ளி நடுவயதுக்காரன், அவனுக்குச் சாக்கு எதுவும் இல்லை. இரண்டும் வேறு வேறு மனிதர்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். எதை முதலில் எடுத்தாலும் நஷ்டமில்லை. ஹைஸ்மித் நத்தைகளை வளர்த்தவர். கதைக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் நாவலைப் படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

மற்றது 'தி லெப்பர்ட்', 2025 மார்ச்சில் வந்த ஆறு எபிசோடு. 1860-இல் இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டியின் படை சிசிலியில் இறங்கும்போது ஒரு பழைய பிரபுக் குடும்பம் சரியத் தொடங்குகிறது. இதைப் பாராட்டி ஒருவர் இங்கே பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். எனக்கு ஒட்டவில்லை. உடைகள் அழகு, மாளிகைகள் அழகு, எல்லோரும் அழகு. லாம்பெடுசாவின் நாவலில் மணக்கும் அழுகல் மட்டும் இல்லை. இளவரசரின் மகள் கொன்செட்டாவுக்குத் தொடரில் அதிக இடம் தந்திருப்பது நல்ல முடிவு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த நாவல் சின்னது, ஆறு மணி நேரத்துக்கு இழுக்கும் அளவுக்குச் சம்பவம் அதில் கிடையாது. நாவலை மட்டும் படியுங்கள். லாம்பெடுசாவுக்கு இருந்த அவநம்பிக்கைக்கு அவர் வாழ்க்கையே காரணம் சொல்லும்: பெரிய பதிப்பகங்கள் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பின, 1957-இல் அவர் இறந்துபோனார், மறு ஆண்டு நாவல் வெளிவந்தது, அதற்கடுத்த ஆண்டு இத்தாலியின் ஸ்ட்ரேகா இலக்கியப் பரிசு. கடைசி அத்தியாயத்தில் பாடம் செய்து வைத்த ஒரு நாய் வருகிறது. அதற்காகவே படிக்கலாம்.

24 நவம்பர்

'திரீ பாடி பிராப்ளம்' என்ற சீன விஞ்ஞானப் புனைகதை பற்றி இரண்டு கோஷ்டியும் அடித்துக்கொண்டது போதும். இரண்டு தொடர்கள் இருக்கின்றன என்பதையே பாதிப் பேர் கவனிக்கவில்லை.

சீனாவில் டென்சென்ட் நிறுவனம் எடுத்தது 2023-இல் வந்தது, முப்பது எபிசோடு, லியூ சிஷினின் முதல் நாவலை வரிக்கு வரி பின்தொடர்கிறது. நெட்ஃபிளிக்ஸ் 2024-இல் எடுத்தது எட்டு எபிசோடு. நாவல்களின் பாத்திரங்களைப் பிரித்தும் சேர்த்தும் ஆக்ஸ்போர்டு நண்பர்கள் ஐவராக்கி, மூன்று நாவல்களிலிருந்தும் அள்ளிப்போட்டு ஓடுகிறது. முதலாவது நிதானம், சில இடங்களில் தூக்கம். இரண்டாவது வேகம், சில இடங்களில் அரைவேக்காடு. ஆனால் 1967 பண்பாட்டுப் புரட்சியின்போது, மாணவர்கள் மேடையேற்றி அடித்ததில் ஒரு இயற்பியல் பேராசிரியர் மகளின் கண்ணெதிரே சாகும் காட்சியை நெட்ஃபிளிக்ஸ்தான் நேராகக் காட்டுகிறது. சீனத் தொடர் அந்தப் பக்கத்தை மேலோட்டமாகக் கடந்துவிடுகிறது. சீனத்தில் புத்தகமாக வந்தபோதும் அந்தக் காட்சியை நடுவில் நகர்த்தி வைத்திருந்தார்கள். கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் லியூ விரும்பியபடி முதல் அத்தியாயமாக வந்தது. அந்த மகள் பிறகு ஏன் அப்படி ஒரு முடிவெடுக்கிறாள் என்பதற்கு அந்த மேடைதான் விடை. அதை மங்கலாக்கினால் மீதியெல்லாம் வெறும் விஞ்ஞானப் புதிர்.

என் தம்பி நாவலை முதலில் படித்தவன். பனாமா கால்வாயில் கப்பலை அறுக்கும் காட்சியைத் தன் மனதில் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தான். இரண்டு தொடரிலும் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, "என்னுடையதுதான் நன்றாக இருந்தது" என்றான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நாவலில் விஞ்ஞானம் பேசும் பகுதிகளை அவன் தாண்டித் தாண்டிப் படித்ததும் எனக்குத் தெரியும். தொடர் பார்த்துவிட்டுப் போன எனக்கு அவை வழுக்கிக்கொண்டு போயின.

25 நவம்பர்

எல்லா எபிசோடையும் ஒரே நாளில் இறக்குவது நல்லதா, வாரம் ஒன்றா? தலைப்பு திசைமாறுகிறது. பரவாயில்லை, நானே மாற்றுகிறேன்.

வாரம் ஒன்று. தொடர்கதை வாசித்து வளர்ந்த நமக்கு இதில் சந்தேகமே வரக் கூடாது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாராவாரம் வந்தது. எங்கள் வீட்டில் பாட்டி இதழிலிருந்து கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த தொகுதிகள் இருந்தன. மணியம் வரைந்த படங்கள் நடுவே, பக்கத்து வரியில் தலைவலித் தைலத்துக்கு விளம்பரம். அத்தியாயம் எங்கே வெட்டப்படுகிறது என்பது அந்த பைண்டில்தான் கையில் தட்டுப்படும். புத்தகமாகப் படிக்கும்போது அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுகிறோம். அன்று படித்தவர்கள் ஒரு வாரம் முழுவதும் திண்ணையில் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறார்கள்.

2024-இல் 'ஷோகன்' வாரம் ஒன்றாக வந்தபோது எங்கள் வீட்டில் அதே சண்டை நடந்தது. ஜப்பானியப் பிரபு தொரனாகா உண்மையிலேயே தோற்றுப்போய்விட்டாரா, நடிக்கிறாரா என்று ஒரு வாரம். ஜேம்ஸ் கிளாவெல்லின் 1975 நாவல் ஆயிரம் பக்கத்துக்கு மேல். 1980 தொலைக்காட்சித் தொடரில் ஜப்பானியர் பேசுவதற்குப் பெரும்பாலும் சப்டைட்டில் போடவில்லை. வெள்ளைக்கார மாலுமிக்குப் புரியாதது நமக்கும் புரியக் கூடாதாம். புதிய தொடரில் பெரும்பகுதி ஜப்பானிய மொழியிலேயே நடக்கிறது, விழிப்பது அந்த மாலுமி மட்டும்தான். ஒரே சீசனுக்குப் பதினெட்டு எம்மி விருதுகள். மாலுமிக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் மரிகோவாக நடித்த அன்னா சவாய்க்கும் ஒன்று. நாவலை இப்போது பாதிவரை படித்திருக்கிறேன். கிளாவெல் எல்லோருடைய மனதுக்குள்ளும் மாறி மாறிக் குதிக்கிறார், மர்மம் குறைந்துபோகிறது. இங்கே தொடர்தான் மேல்.

2 டிசம்பர்

"தமிழில் ஒன்றுமே இல்லையா, எல்லாம் வெளிநாட்டுச் சரக்காக இருக்கிறதே" என்று கோபித்துக்கொண்டவருக்கு.

தொடர் இருக்கிறது. 'அயலி' பார்க்காதவர்கள் இன்றே பாருங்கள். 2023 ஜனவரியில் வந்தது, எட்டுச் சின்ன எபிசோடு, முத்துக்குமார் இயக்கம். புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்ற ஊர். பெண் பெரியவளானால் படிப்பை நிறுத்தித் திருமணம் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் தெய்வம் கோபிக்கும் என்பது ஊர்க்கட்டுப்பாடு. டாக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் வயதுக்கு வந்ததை மறைத்துவிட்டுப் பள்ளிக்குப் போய்க்கொண்டே இருக்கிறாள். இவ்வளவுதான் கதை. இதைப் பிரசங்கமாக்காமல் கிட்டத்தட்ட ஒரு திருட்டுக் கதையின் பரபரப்போடு சொன்னதில்தான் சாமர்த்தியம். அடுத்த நிமிடம் யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்றுதான் முழுக்க ஓடுகிறது. அத்தைக்கு இது 'பச்சிங்கோ'வைவிடப் பிடித்தது. பார்த்துவிட்டு, தன் வகுப்பில் படித்தவர்களில் யார் யார் எந்த வகுப்போடு நின்றார்கள் என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் 'அயலி' நாவலிலிருந்து வந்ததல்ல. 'சுழல்' தொடரும் அப்படி வந்ததல்ல. நாவலைத் தொடராக்கும் துணிச்சல் நம் பக்கம் அபூர்வம். 1980-களில் தூர்தர்ஷனில் 'மால்குடி டேஸ்' வந்தபோது ஆர்.கே. நாராயணின் கதைகளுக்காகக் கர்நாடகத்து ஆகும்பேயையே மால்குடி ஆக்கினார் சங்கர் நாக்.

என்னிடம் யாராவது பணத்தைக் கொடுத்து ஒரு தமிழ் நாவலைத் தொடராக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'தான். 1972-இல் வந்த நாவல். இரண்டாம் உலகப் போர், ஜப்பானியர் புகும் இந்தோனேசியாவின் மெடான் நகரம், பினாங்கு, வட்டிக்கடைகள், இந்திய தேசிய ராணுவம், நடுக்கடலில் புயல், நடுவே மதுரைத் தெருக்களின் ஞாபகம். பாண்டியன் மாதிரி ஒரு நாயகன் எந்த மொழித் தொடருக்கும் கிடைக்கமாட்டான். சிங்காரம் இளம் வயதில் மெடானில் வேலை பார்த்தவர், பிறகு மதுரையில் 'தினத்தந்தி'யில் இருந்தவர். உரையாடல்களில் பழந்தமிழ்ப் பாட்டைக் கிண்டலுக்கு இழுத்துப்போடும் அந்த நடையை எந்தக் கேமரா பிடிக்கும் என்று கேட்பீர்கள். பிடிக்காது. 'வுல்ஃப் ஹால்' போலத்தான்: கதையைத் தொடர் எடுத்துக்கொள்ளட்டும், குரல் நாவலிலேயே இருக்கட்டும். இதையும் படித்துவிட்டுப் பார்க்க வேண்டும். பார்க்கத்தான் ஒன்றும் இல்லை.

9 டிசம்பர்

இன்னும் ஒரு சங்கடம்: 'தனிமையின் நூறு ஆண்டுகள்'. தன் நாவலைப் படமாக்கும் உரிமையைக் கார்சியா மார்க்கேஸ் சாகும்வரை யாருக்கும் தரவில்லை. பாத்திரங்களின் முகங்களை வாசகர்களே செய்துகொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். அவர் மறைவுக்குப் பிறகு மகன்கள் சம்மதித்தார்கள்: ஸ்பானிய மொழியில், கொலம்பியாவில் எடுக்க வேண்டும் என்று. முதல் எட்டு எபிசோடு 2024 டிசம்பரில் வந்தன. கதை நடக்கும் மகோந்தோவை நிஜமாகவே ஒரு ஊராகக் கட்டி, அது வளர்வதைக் காட்டியிருக்கிறார்கள். குடும்பத் தலைவி உர்சுலாவின் வீடு சுவர் சுவராகப் பெரிதாவதைப் பார்ப்பது ஆனந்தம்.

என் கட்சிப்படி இதை முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. தமிழ்ப் பதிப்பில் இதை முதல்முறை படித்தபோது நான் செய்துகொண்ட முகங்கள் பெரும்பாலும் எங்கள் தெருக்காரர்களுடையவை. கர்னல் அவ்ரேலியானோவுக்கு ரேஷன் கடை வரிசையில் ஒருநாளும் பேசாத ஒரு பெரியவரின் முகம். தொடரில் வருகிறவர் நன்றாகத்தான் நடிக்கிறார். எனக்கு என் பெரியவரே போதும்.

மறுபக்கம், ஒரே பெயரில் இத்தனை அவ்ரேலியானோக்களைத் தாங்க முடியாமல் ஐம்பதாம் பக்கத்தில் நாவலை மூடிவைத்த தோழி ஒருத்தி, தொடரைப் பார்த்தபின் மறுபடி திறந்திருக்கிறாள். அவளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை.

14 டிசம்பர்

"சுற்றி வளைக்காமல் ஒன்றே ஒன்று சொல்லுங்கள், விடுமுறை வருகிறது" என்றவருக்கு: 'பச்சிங்கோ'. பெரியவர்கள் உள்ள வீடு என்றால் 'அயலி'. தனியாக இருக்கிறீர்கள், மனதில் கொஞ்சம் விஷம் இருக்கிறது என்றால் 'ரிப்ளி'. சிரிக்க வேண்டும் என்றால் லேம்ப்.

நான் நேற்று 'மை பிரில்லியன்ட் ஃபிரெண்டு' தொடங்கியிருக்கிறேன். எலெனா ஃபெரான்டேயின் நான்கு நாவல்கள், நான்கு சீசன்கள், மொத்தம் முப்பத்து நான்கு எபிசோடு. நேப்பிள்ஸில் ஒரு ஏழைக் குடியிருப்பு, இரண்டு சிறுமிகள், ஒருத்தி மற்றவளின் பொம்மையை நிலவறைக்குள் தள்ளிவிடுகிறாள். உடனே இவளும் அவளுடையதைத் தள்ளுகிறாள். முதல் எபிசோடிலேயே இருவர் மேலும் பயம் வந்துவிட்டது. முதல் நாவல் பக்கத்தில் மேசைமேல் இருக்கிறது, திறக்கவில்லை. கட்சிக் கட்டுப்பாடு. நான்காம் சீசனை முடித்தவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு என்று தெரியும். அந்தச் சிறுமிகளில் ஒருத்தியான லீலாவுக்கு என்ன ஆகிறது என்று சொல்லத் துடிப்பவர்கள் நவம்பர் 7 குறிப்பில் உள்ள சாபத்தை ஒருமுறை படித்துவிட்டு வரவும்.